சட்டைப்பை டார்ச்: வாங்குமுன் பார்க்க, வாங்கியபின் பேண

முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு டார்ச். மூன்று கட்டை போடுகிற, பளபளவென்ற நீளத் தடி. பெரியவர் தலைமாட்டில் இருக்கும். பிள்ளைகள் எடுத்து அடித்து விளையாடினால் கட்டை தீர்ந்துபோகும் என்று திட்டு விழும். இன்று விரல் நீள எல்.இ.டி. டார்ச் ஒன்று அந்தத் தடியைவிட அதிக வெளிச்சம் கொடுக்கிறது. தள்ளுவண்டியிலும் கிடைக்கிறது, சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் குவிந்து கிடக்கிறது. விலை 50 ரூபாயில் தொடங்கி 5,000 ரூபாயைத் தாண்டும். பெட்டிமேல் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குச் சில குறிப்புகள்.

1. போனிலேயே லைட் இருக்கும்போது தனி டார்ச் எதற்கு? சாவித் துவாரத்தைத் தேட போன் லைட் போதும். ஆனால் அது வெளிச்சத்தைக் குவிப்பதில்லை. பரந்து சிதறி, சில அடிகள் தாண்டியதும் மங்கிவிடும். மழையில் நீட்ட மனசு வராது. மோட்டார் ரூமில் குனிந்து பார்க்கும்போது கைதவறி சம்ப்புக்குள் விழுந்தால் நஷ்டம் டார்ச் விலை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, கரண்ட் போன ராத்திரியில் போன் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும்.

2. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெளிச்சம், விலை எல்லாம் பிறகு. சாவிக்கொத்தில் தொங்குவது, சட்டைப்பையில் இருப்பது, வீட்டில் ஆணியில் மாட்டுவது என மூன்று வகை உண்டு. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்றிடம் கேட்டால் சரிவராது. 1,000 லூமன் வெளிச்சம் தரும் டார்ச் வாங்கிச் சட்டைப்பையில் போட்டால் பை தொங்கும், ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும். புடவை கட்டுகிறவர்களுக்குச் சாவிக்கொத்து டார்ச்தான் தோது; இடுப்பில் செருகும் சாவியோடு தானாகவே கூட வந்துவிடும்.

3. டார்ச்சைப் பார்க்காதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். சிறிய டார்ச்சின் குணம் முழுக்க அதன் பேட்டரியில்தான் இருக்கிறது. சந்தையில் இருப்பவை இவை:

பொத்தான் பேட்டரி: சாவிக்கொத்து டார்ச்சுகளில் வரும் வட்ட வில்லை. சி.ஆர். 2032 என்றால் 3 வோல்ட், கொள்ளளவு 220 எம்.ஏ.எச். அளவில். சாவித் துவாரத்துக்குச் சரி, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சின்ன பென்சில், அதாவது டிரிபிள் ஏ: பேனா போன்ற மெல்லிய டார்ச்சுகளுக்கு.

பென்சில் பேட்டரி, அதாவது டபுள் ஏ: கடிகாரத்துக்குப் போடுவது. பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

18650: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். லித்தியம் அயான், 3.6 வோல்ட். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருந்தது இதுதான். சக்தி அதிகம், பருமனும் அதிகம்.

இவை போக, பேட்டரியைக் கழற்றவே முடியாத யு.எஸ்.பி. டார்ச்சுகள் இருக்கின்றன. விரல் நகம்போல் தட்டையாக, சாவிக்கொத்துக்கு மிக வசதியானவை. ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் சில வருடங்களில் சோர்ந்ததும் டார்ச்சும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அன்றாட உபயோகத்துக்கு என் ஓட்டு ஒற்றைப் பென்சில் பேட்டரி டார்ச்சுக்கு. காரணத்தை 2018 நவம்பரில் கஜா புயல் சொல்லிக் கொடுத்தது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலுக்குப் பின் டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. யு.எஸ்.பி. டார்ச்சை எதில் சொருகுவது? பென்சில் பேட்டரி என்றால், திறந்திருக்கும் முதல் மளிகைக்கடையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

4. பெட்டிமேல் உள்ள பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும். பேட்டரியின் வோல்ட்டை அதன் எம்.ஏ.எச்.சால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்-மணி வரும். சர்க்யூட்டில் வீணாவது போக, நல்ல சிறு டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்-மணியை 100ஆல் பெருக்கினால் அந்த பேட்டரி மொத்தமாகத் தரக்கூடிய வெளிச்சம் கிடைத்துவிடும்.

ரீசார்ஜ் சின்ன பென்சில் 1.2 வோல்ட், 800 எம்.ஏ.எச். என்றால் ஏறக்குறைய 1 வாட்-மணி. 100 லூமனை ஒரு மணி நேரம் தரும், அல்லது 10 லூமனைப் பத்து மணி நேரம். பெரிய பென்சில் 2,000 எம்.ஏ.எச். என்றால் 2.4 வாட்-மணி, 100 லூமன் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். 3,000 எம்.ஏ.எச். 18650இல் 10.8 வாட்-மணி, 100 லூமனைப் பத்து மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம்.

இப்போது கடைக்கார அட்டையைப் பாருங்கள். ‘ஒரே பென்சில் பேட்டரி, 500 லூமன், 10 மணி நேரம்’ என்றிருந்தால் அது 5,000 லூமன்-மணி. பேட்டரியில் இருப்பதோ 240. இருபது மடங்கு கூடுதல்! சில நல்ல கம்பெனிகளும் இந்த வேலையைச் செய்வதுண்டு: உச்ச வெளிச்சத்தின் லூமனையும், மிகக் குறைந்த வெளிச்சத்தின் மணிக்கணக்கையும் ஒரே வரியில் பெரிய எழுத்தில் போடுவார்கள். இரண்டும் ஒன்றாக நடக்காது.

5. 18650 பேட்டரிமேல் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் நல்ல பேட்டரிகளே பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். பக்கத்தில் நின்றுவிடுகின்றன. எடையும் காட்டிக்கொடுக்கும்: நிஜமான 18650 ஏறத்தாழ 45 கிராமுக்கு மேல் இருக்கும். கையில் எடுத்தால் வெற்று டப்பாபோல் லேசாக இருப்பது ஏமாற்று.

6. எத்தனை லூமன் வேண்டும்? நினைப்பதைவிடக் குறைவாகத்தான். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் பாத்ரூம் போக 1 லூமன். வாசிக்க, பூட்டைத் திறக்க 5 முதல் 10. வீட்டுக்குள் நடமாட, மாடிப்படி ஏற 20 முதல் 50. தெருவிளக்கில்லாத வழியில் நடக்க 100. தென்னந்தோப்பில் எந்த மரத்தில் சத்தம் என்று பார்க்க 300க்கு மேல். அன்றாட வாழ்க்கையில் நூறைத் தாண்டும் தேவை எப்போதாவதுதான் வரும்.

இன்னொன்று. 100 லூமன் டார்ச்சைவிட 200 லூமன் டார்ச் இருமடங்கு பளிச்சென்று தெரியாது. நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. இருமடங்கு என்று தோன்ற ஏறக்குறைய நாலு மடங்கு லூமன் வேண்டும். ஆகவே 180க்கும் 200க்கும் இடையில் நின்று யோசிக்கிறவர்கள் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போகலாம்.

7. உச்ச வெளிச்சம் நிலைக்காது. சிறிய உடம்பில் சூட்டை வெளியேற்ற இடமில்லை. அதனால் பெரும்பாலான டார்ச்சுகள் ஓரிரு நிமிடங்களில் தாங்களாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, பாதுகாப்பு. வாங்கும்போது நடு அளவு எத்தனை லூமன், எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். நீங்கள் எரிக்கப் போவது அதைத்தான்.

8. அட்டையில் ‘100 மீட்டர்’ என்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு என்று படியுங்கள். டார்ச்சுகளை அளக்க அமெரிக்காவில் 2009இல் எஃப்.எல்.1 என்றொரு தரக்கணக்கு வகுத்தார்கள். அதன்படி தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம், அதாவது கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். 100 மீட்டரில் ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். யார் என்று தெரியாது. எரியும் நேரத்துக்கும் இப்படியொரு சூட்சுமம் உண்டு: வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்து சதவீதமாகக் குறையும் வரையான நேரம் அது. ‘ஐந்து மணி நேரம்’ என்பதில் கடைசி இரண்டு மணி நேரம் மினுக்கலாகவே இருக்கலாம். இத்தனை இருந்தாலும் எஃப்.எல்.1 முத்திரை உள்ள பெட்டி, ஒரு கணக்கும் இல்லாத பெட்டியைவிட எவ்வளவோ மேல்.

9. குவிந்த ஒளியா, பரந்த ஒளியா? லூமன் என்பது குழாயில் வரும் மொத்தத் தண்ணீர். வாயை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தூரம் பாய்வதுபோல், குவிக்கும் விதத்தைப் பொறுத்து ஒரே லூமன் தூரமும் போகும், அகலமும் விரியும். பளபளப்பான கிண்ணம் உள்ள டார்ச் நடுவில் கூர்மையான வட்டமும் சுற்றிலும் மங்கலும் தரும். முன்னால் பிளாஸ்டிக் வில்லை பதித்தது மென்மையாகப் பரவும். சட்டைப்பைக்குப் பரவுவதே நல்லது. நம் வேலை பெரும்பாலும் பத்தடிக்குள் முடிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் கூர்வட்டம் கண்ணைக் கூசவைத்து, சுற்றியிருப்பதை இருட்டாக்கிவிடும்.

முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் ‘ஜூம்’ டார்ச் கடையில் பார்க்க ஜோராக இருக்கும். குவிக்கும்போது எல்.இ.டி.யின் சதுர உருவமே சுவரில் விழும், வெளிச்சத்தில் நல்ல பங்கு குழாய்க்குள்ளேயே வீணாகும், இழுக்கும் இடைவெளியில் தண்ணீர் புகும். எனக்குப் பிடித்ததில்லை.

10. வெளிச்சத்தின் நிறத்தைப் பார்க்க மறக்காதீர்கள். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மலிவான டார்ச்சுகளில் பாஸ்பரைச் சிக்கனமாகப் பூசிவிடுவதால் வெளிச்சம் நீலம் பாய்ந்து, பிணவறை லைட் மாதிரி இருக்கும். 6,500 கெல்வின் என்று போட்டிருப்பது அந்த வகை. 4,000 முதல் 5,000 கெல்வின் வரை கண்ணுக்கு இதம்.

இதில் அழகு மட்டும் இல்லை. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்வார்கள். அது 90க்கு மேல் இருந்தால் உத்தமம். சாதாரண டார்ச்சில் 70 பக்கம்தான் இருக்கும், முக்கியமாகச் சிவப்பு செத்துப்போகும். சுவிட்ச் போர்டைக் கழற்றும்போது சிவப்பு ஒயர் பிரவுனாகத் தெரிவதும், காய்ந்த சருகுமேல் கிடக்கும் கண்ணாடி விரியன் சருகாகவே தெரிவதும் நல்லதில்லை. கடையில் எளிய சோதனை: டார்ச்சை உள்ளங்கைமேல் அடித்துப் பாருங்கள். கை உயிருள்ள கையாகத் தெரிந்தால் வாங்கலாம்.

11. உச்சத்தைவிட அடிமட்டம் முக்கியம். நான் டார்ச் வாங்கினால் முதலில் கேட்பது ‘எவ்வளவு கம்மியாக எரியும்?’ என்றுதான். கடைக்காரர் வினோதமாகப் பார்ப்பார். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். ராத்திரி இரண்டு மணிக்கு 200 லூமனை அடித்தால் அது ஒரே நொடியில் பாழாகி, அணைத்த பிறகு கதவு எது சுவர் எது என்று தெரியாது. 1 லூமன், 2 லூமன் என்ற அடிமட்டம் உள்ள டார்ச்சில் ஒரு பேட்டரி நாள்கணக்கில் எரியும் என்பது கூடுதல் லாபம்.

12. பொத்தானை அழுத்தியதும் முதலில் எது வருகிறது என்று பாருங்கள். குறைந்ததில் தொடங்கி ஏறுவது நல்ல டார்ச். பளிச்சென்று தொடங்கி, அடுத்த அழுத்தில் படபடவென்று மின்னி, அதற்கடுத்து எஸ்.ஓ.எஸ். அடித்து, அப்புறம் அணைவது அன்றாடத்துக்கு உதவாது. கப்பல் கவிழ்ந்து நிற்பவருக்கு எஸ்.ஓ.எஸ். வேண்டும், பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போகிறவருக்கு எதற்கு?

13. வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கும்போது ‘ஆன், ஆஃப்’ இரண்டு மட்டும் உள்ளதை வாங்குங்கள். நீண்ட அழுத்தம், இரட்டை அழுத்தம் என்றெல்லாம் இருந்தால் எடுக்கவே மாட்டார்கள். தள்ளும் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. டார்ச் எரியும் நிலையில் இருக்கிறதா என்று விரலிலேயே தெரியும்.

14. நடுக்கம் இருக்கிறதா? சில டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க எல்.இ.டி.யை வேகவேகமாக அணைத்து ஏற்றுகின்றன. குறைந்த அளவில் வைத்து, ஓடும் மின்விசிறிமேல் அடியுங்கள். இறக்கைகள் விட்டுவிட்டு உறைந்து தெரிந்தால் நடுக்கம் உண்டு. போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடும். கொஞ்ச நேரத்துக்குப் பரவாயில்லை. படிக்க வைத்துக்கொண்டால் தலைவலிக்கும்.

15. ஒன்பது சின்ன எல்.இ.டி. பூப்போல் பதித்து, மூன்று சின்ன பென்சிலை ஒரு பிளாஸ்டிக் கூண்டில் போடும் அலுமினிய டார்ச் எல்லா ஃபேன்ஸி கடையிலும் தொங்குகிறது. விலை குறைவு, பார்க்க கெட்டி. ஆனால் பெரும்பாலானவற்றில் வெளிச்சத்தைச் சீராக வைக்கும் சர்க்யூட் கிடையாது. முதல் நாள் பிரகாசம் மூன்றாம் நாள் இருக்காது. கூண்டின் கம்பி விலகினால் தட்டித் தட்டித்தான் எரிக்க வேண்டும். ஒற்றை எல்.இ.டி. உள்ளதே மேல்.

16. சுவரில் நேரடியாகச் சொருகும் பிளாஸ்டிக் டார்ச்: கவனம், கவனம். பின்பக்கம் இரண்டு பின் நீட்டிக்கொண்டு, பிளக்கில் குத்தி சார்ஜ் ஏற்றும் வகை. நம் வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். மலிவானவற்றுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதில்லை. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட் மின்சாரத்தையே மட்டுப்படுத்தி பேட்டரிக்குக் கொடுக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் பாகங்கள் எல்லாம் நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். ஆகவே சொருகியிருக்கும்போது டார்ச்சின் சுவிட்சைப் போடாதீர்கள், ஈரக்கையால் தொடாதீர்கள், கண்ணாடி உடைந்ததையோ மூடி கழன்றதையோ சொருகவே சொருகாதீர்கள். குழந்தைகள் எட்டும் பிளக் வேண்டாம்.

இவற்றில் பலவற்றில் இருப்பது லெட்-ஆசிட் பேட்டரி. அது சார்ஜ் இல்லாமல் சும்மா கிடந்தால் செத்துப்போகும். மழைக்காலத்துக்கு மட்டும் எடுப்போம் என்று ஆறு மாதம் பரணில் போட்டால் மழைக்காலத்தில் எரியாது. மாதம் ஒருமுறை ஏற்றி வையுங்கள்.

17. டைப்-சி டார்ச் சார்ஜ் ஏறவில்லை என்று திருப்பிக் கொடுக்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் பல மலிவு டார்ச்சுகள் ஏறாது; உள்ளே வைக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு முனை பழைய அகல யு.எஸ்.பி. உள்ள கேபிளில் போட்டால் ஏறும்.

18. பென்சில் பேட்டரி அளவிலேயே 14500 என்று ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. உருவம் அதேதான், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச்சின் குறிப்பேட்டில் 14500 போடலாம் என்று இல்லாவிட்டால் போடாதீர்கள், சர்க்யூட் கருகும். கடிகாரத்திலோ ரிமோட்டிலோ கைமறதியாகப் போட்டாலும் அதே கதி. பேட்டரிமேல் சிவப்பு மார்க்கர் கோடு ஒன்று போட்டுவையுங்கள்.

19. ‘ஹெவி ட்யூட்டி’ என்று எழுதியிருப்பது கனமான வேலைக்கான பேட்டரி அல்ல. அது சாதாரண ஜிங்க்-கார்பன். சுவர்க் கடிகாரத்துக்குச் சரி. எல்.இ.டி. டார்ச்சில் போட்டால் அல்கலைன் தரும் நேரத்தில் பாதிகூட வராது, தீர்ந்ததும் கசியும். அல்கலைனும் கசியும், தாமதமாக. டார்ச்சுக்கு ஏற்றது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி. கசிவது அரிது, நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம். சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிவிடும் என்ற பழைய குறை, 2005இல் ‘எனலூப்’ வகை வந்தபின் பெரிதும் தீர்ந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி இருக்கும். புதிதும் பழையதும், ஒரு கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் கலந்து போடாதீர்கள்.

20. கசிந்துவிட்டதா? தூக்கிப் போட அவசரம் வேண்டாம். அல்கலைன் கசிவு காரம். வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடையுங்கள், நுரைத்து அடங்கும். ஜிங்க்-கார்பன் கசிவு அமிலம். அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஒருநாள் நன்றாகக் காயவிட்டு, தகட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் பளபளக்கும்.

21. தட்டினால்தான் எரிகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரிமேல் குற்றமில்லை, மரையில் அழுக்கு. பின்மூடியைக் கழற்றி மரையையும் குழாயின் விளிம்பையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ரப்பர் வளையத்துக்கு ஒரு பொட்டு சிலிகான் கிரீஸ். தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசுக்காக்கும்.

22. பையில் போடும்போதும் பயணத்திலும் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். நல்ல அலுமினிய டார்ச்சில் அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். பக்கவாட்டில் மின்னணு பொத்தான் உள்ளவை அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும்; அதுவும் நிற்கும். பலமான 18650 டார்ச் பைக்குள் தானாக எரிந்தால் துணி பொசுங்கும் அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக் டார்ச் என்றால் பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு துண்டு காகிதம்.

23. விமானப் பயணமா? உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி. செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

24. மழைக்குத் தாங்குமா என்பதை ஐ.பி. எண் சொல்லும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல், தெறிப்பு தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் எடுத்து எரிக்கலாம். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் இந்த எண்களுக்கு அர்த்தமில்லை.

25. கம்மல் திருகாணி, மூக்குத்திக் கல், ஊசி கீழே விழுந்துவிட்டால் அறை விளக்கை அணையுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, மெல்லத் திருப்புங்கள். மேலிருந்து அடிக்கும்போது கண்ணில் படாத பொருள், இப்போது நீளமான நிழலோடு அல்லது ஒரு மினுக்கலோடு தானே எழுந்து நிற்கும். கண்ணாடிச் சில் பொறுக்கவும் இதே வழிதான்.

26. கரண்ட் போனால் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். டம்ளரில் நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் அடிக்க விடுங்கள். அறை முழுக்கச் சீராகப் பரவும், யார் கண்ணும் கூசாது. வெள்ளைக் கூரை இல்லாத வீட்டில் தண்ணீர் நிறைந்த பாட்டிலை டார்ச்மேல் வைக்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டால் பாட்டிலே விளக்காகும்.

27. ராத்திரியில் வெளியே நடக்கும்போது வெளிச்சம் உங்கள் காலுக்கு நாலைந்து அடி முன்னால் விழ வேண்டும். கண்ணாடி விரியன் பாதையோரம் படுத்திருக்கும்; கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வரும். டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கொல்லைப்பக்கம் போகாதீர்கள். தரையில் படுப்பவர்கள் எழுந்ததும் காலை ஊன்றுமுன் ஒருமுறை சுற்றி அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். விறகுக் குவியலில் கைவிடுமுன்னும் அப்படியே.

28. தேள் நடமாட்டம் உள்ள வீடென்றால் புற ஊதா ஒளி டார்ச் ஒன்று வாங்கலாம். அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக ஒளிரும். செங்கல் இடுக்கில் இருந்தாலும் தப்பாது. ரூபாய் நோட்டின் எண்களும் இழைகளும் மின்னுவதை வைத்துக் கள்ளநோட்டுச் சந்தேகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். கண்ணில் மட்டும் அடிக்கக்கூடாது.

29. கேஸ் வாடை வந்தால் டார்ச் சுவிட்சையும் தொடாதீர்கள். ஒரு சின்னப் பொறி போதும். சிலிண்டர் வால்வை இருட்டிலேயே மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு போன் செய்யுங்கள்.

30. பொத்தான் பேட்டரி டார்ச் குழந்தைகள் கையில் வேண்டாம். விழுங்கிய வில்லை உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்; காத்திருந்து பார்க்கும் விஷயமல்ல.

31. லித்தியம் டார்ச்சை வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். ரொம்ப நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜுக்குக் கொஞ்சம் மேல் வைத்து, மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள். ஐப்பசி பிறக்குமுன் வீட்டிலுள்ள டார்ச் எல்லாவற்றையும் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டால் புயல் அறிவிப்பு வந்தபின் கடைக்கு ஓட வேண்டாம்.

32. உப்பிய பேட்டரி, ஓட்டை விழுந்த பேட்டரி எதையும் சார்ஜில் போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் உண்டு. ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

33. சரி, எதைத்தான் வாங்குவது? ஒன்றே ஒன்று என்றால்: ஒற்றைப் பென்சில் பேட்டரி போடும் அலுமினிய டார்ச், மூன்று அளவு வெளிச்சம், அடிமட்டம் 5 லூமனுக்குள், உச்சம் 100 முதல் 200, நீலம் பாயாத வெள்ளை, பையில் செருகக் கிளிப். பேனாபோல் மெலிதாக வேண்டுமென்றால் சின்ன பென்சில் வகை, எரியும் நேரம் பாதியாகும் என்று தெரிந்து வாங்குங்கள். சாவிக்கொத்துக்குத் தட்டையான யு.எஸ்.பி. வகை. தோட்டம், வயல், ஒதுக்குப்புற வீடு என்றால் மட்டும் 18650. நான்கு மலிவு டார்ச் வாங்கும் பணத்தில் இப்படி ஒன்று வந்துவிடும். வாங்கும் அன்றே கூட இரண்டு ரீசார்ஜ் பென்சில் பேட்டரியும் ஒரு சார்ஜரும் வாங்கிவிடுங்கள்.